மாப்பிள்ளை மாட்டிய அலாரம்

ஆரணி,
12-7-2004

மாப்பிள்ளை சுதாகர் அவர்களுக்கு மாமனார் தணிகாசலம் அநேக ஆசீர்வாதம் கூறி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்கள் மாட்டிய திருடன் அலாரமும் சௌக்கியம், தொண்டை நன்றாகவே இருக்கிறது. உங்கள் சௌக்கியத்துக்கும் ஜெயப்ரியாவின் சௌக்கியத்துக்கும் பதில் போடவும்.

குறை சொல்வதாகத் தயவுசெய்து நினைக்க வேண்டாம். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது, உங்கள் அத்தையின் அண்ணன் பலராமனைத் தவிர. பொங்கலன்று நீங்கள் இலையில் உட்கார்ந்து சாதம் பிசைந்துகொண்டிருந்தீர்கள். அந்த மனுஷன் சும்மா இருக்காமல், கூடத்துச் சுவரிலிருந்த அலாரத்தின் வெள்ளைப் பெட்டியை ஃபியூஸ் பெட்டி என்று நினைத்து மூடியைத் திறந்து தொலைத்தார். அது ஊளையிட்டது. "எவன்யா இத மாட்னவன்? ஒரே பேஜாரா கீது!" என்று அவர் கத்த, நீங்கள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு ஜெயப்ரியாவோடு பெங்களூர் பஸ் ஏறிவிட்டீர்கள். வடை இலையிலேயே கிடந்தது. மாட்டினவர் நீங்கள்தான் என்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஜெயப்ரியாவும் போனில் "நல்லா இருக்கேம்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அதை விடுங்கள், அலாரம் விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டியைத் திறந்த கோபம் அதற்கு இன்னும் தீரவில்லை. எங்களுக்கென்று நீங்கள் கொடுத்த நம்பரை அழுத்தினால் கொஞ்ச நேரம் வாயை மூடுகிறது, ஆள் அசைந்தால் மறுபடியும் ஆரம்பிக்கிறது. நான் தறிக்குழியில் இறங்கி மிதித்து, மேலே டிசைனுக்கான ஜக்கார்டு அட்டை ஒன்று புரண்டால் போதும், திருடன் வந்துவிட்டானாம்! என் தறியில் நானே திருடன் மாதிரி பயந்து பயந்து மிதித்து நெய்கிறேன். பக்கத்து வீட்டுக் கமலம், சத்தம் கேட்டதும், "தணிகாசலம் அண்ணன் தறியில எறங்கிட்டாரு, உலைய வைடி" என்று மகளுக்குக் குரல் கொடுக்கிறாள். எலக்ட்ரீஷியன் சடையப்பனைக் கூப்பிட்டேன். ஏணியில் பாதி ஏறினவன், "இது மாப்ள கைவேலையாச்சேங்க? நான் தொட்டா, மாப்ள செஞ்சத பிரிச்சிப் போட்டாங்கன்னு ஊரே பேசிகினு இருக்கும். எனக்கு எதுக்குங்க வம்பு?" என்று இறங்கி, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். வேலூரில் அலாரம் விற்கிற கடைக்குப் போன் போட்டால், "மாட்டினவர்தான் சார் பொறுப்பு, ரீசெட் நம்பர் அவர்கிட்டதான் இருக்கும்" என்கிறார்கள். ஆக, ஊர் வழக்கமும் கம்பெனி வழக்கமும் ஒன்றுதான். மாப்பிள்ளை வந்தாக வேண்டும்.

தலை ஆடிக்கு வந்தபோது நீங்கள் அதை மாட்டினீர்கள், ஞாபகமிருக்கிறதா? எதிர்வீட்டில் பட்டு நூல் திருட்டுப் போச்சு என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னதற்கு, பெங்களூரில் நகைக்கடைக்கெல்லாம் மாட்டுகிற அலாரத்தை வரவழைத்து, நாங்கள் எடுத்துக் கொடுத்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டீர்கள். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை வேலை செய்வதா என்று நான் பதறுகிறேன், ஜெயப்ரியா கீழே டார்ச் பிடித்துக்கொண்டு "இன்னும் மேலங்க, இன்னும் கொஞ்சம் மேல" என்று உங்களை உத்தரம் வரைக்கும் ஏற்றிவிட்டாள். ஆள் அசைவதைக் கவனிக்கிற அதன் கண் நேராகத் தறியைத்தான் பார்க்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். மாப்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? "பிரமாதம்!" என்றேன். நீங்கள் சோதனைக்காக அதை அலற வைத்ததும் தெருவே வாசலில் கூடிவிட்டது. வந்த அத்தனை பேருக்கும் அத்தை பாயசம் ஊற்றினாள். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் உங்கள் இரண்டு பேர் சிரிப்பு எனக்குக் கேட்டது. இன்றைக்கும் அது கத்தும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடிதான் ஞாபகத்துக்கு வருது மாப்பிள்ளை. இப்போ கத்தினா யாரும் எட்டிக்கூடப் பார்க்கிறதில்ல.

ஆடி பிறக்கப் போகிறது. முதல் வெள்ளிக்கே எல்லோருமாகப் படவேடு அம்மன் கோயிலுக்குப் போய் வரலாம். பலராமன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிறாராம், வாயைத் திறப்பதில்லை என்று அத்தையிடம் சத்தியம் செய்திருக்கிறார். ரீசெட் நம்பரைப் போனிலேயே சொல்லிவிடலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. எல்லாம் அலாரம் செய்த வேலை.

சம்பந்தி வீட்டாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். படவேட்டம்மன் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார் தணிகாசலம்

பின்குறிப்பு: கடிதத்தை எழுதி வைத்து இரண்டு நாளாயிற்று, ஒட்டுவதற்குள் ஒரு சேதி. நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை. பேட்டரியும் தீர்ந்து, அலாரம் அடியோடு ஓய்ந்துவிட்டது. கரண்ட் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து நன்றாக ஓங்கி மிதித்து நெய்கிறேன், ஒரு சத்தமில்லை. நிம்மதி என்று சொல்வாள் என்று உங்கள் அத்தை முகத்தைப் பார்த்தேன். "அய்யய்யோ! ஜல்தியா போயி புது பேட்டரி வாங்கியாந்து போடுங்க. கத்தலன்னா மாப்ளைய என்ன சொல்லிக் கூப்பிடறது?" என்கிறாள். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.