ஆறு கிலோ மெலிந்த அலுவலகம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது என்று பள்ளிப் புத்தகங்கள் பெருமையடித்துக்கொள்கின்றன. அவற்றை எழுதியவர்கள் எடை முத்திரை அலுவலகத்தின் சுற்றறிக்கை எண் முப்பத்தொன்றைப் படித்ததில்லை, பாவம். படித்திருந்தால் நெருப்பும் சக்கரமும் அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். என்ன சாப்பிட்டு, எவ்வளவு பளு தூக்கினால் உடம்புக் கொழுப்பு கரையும் என்ற கேள்விக்கு, ஒன்றரைப் பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்த ஆவணம் அது. மருத்துவர்கள்தான் விஷயம் தெரியாமல் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த அலுவலகத்தின் வேலை எளிமையானது. கடைக்காரர்களின் தராசைச் சோதிப்பது. சரியாக இருந்தால் முத்திரை குத்துவது. திருட்டுத் தராசு என்றால் பறிமுதல் செய்து பின்னறையில் பூட்டுவது. மொத்தம் பதினான்கு பேர். அவர்களில் பதின்மூன்று பேர் தராசுகளைப் பற்றி எழுதினார்கள். ஒருத்தி மட்டும் தராசுகளைத் தொட்டாள். சோதனையாளர் என்பது அவள் பதவி. இருபது கிலோ இரும்பு எடைக்கல்லைத் தூக்கித் தராசில் வைப்பாள், முள்ளைப் பார்ப்பாள், இறக்குவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, பதினெட்டு வருடமாக. அதனால் அலுவலகமே அவளைக் 'கல்லக்கா' என்று கூப்பிட்டது. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த தலைமை எழுத்தருக்கும் அவள் கல்லக்காதான்.

ஒருநாள் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. 'கொழுப்பற்ற அலுவலகம், கோப்பு தேங்காத அலுவலகம்' என்பது அதன் தலைப்பு. மூன்று மாதத்தில் அதிகம் மெலியும் அலுவலகத்துக்கு விருது. மெலியாத ஊழியர்களை 'மலைக்காற்று படும்' கடைக்கோடிக் கிளைக்கு மாற்றலாம் என்று அன்போடு ஒரு வரியும் இருந்தது. கடைக்கோடிக் கிளை பஸ்ஸில் பத்து மணி நேரம்.

அலுவலகத்தின் அதிகாரி கடிதத்தைப் படித்துக் கண் கலங்கினார். அவர் அறைக்குள் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் வயிறு வந்துவிடும். இருந்தாலும் மற்றவர்கள் உடம்பின்மீது அவருக்கு அளவு கடந்த அக்கறை. உடனே கூட்டம் போட்டார். நிபுணர் ஒருவரை வரவழைத்தார். நிபுணர் அவருடைய மச்சினன். ஆறு மாதம் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சந்தா கட்டியவன். அதில் இரண்டு மாதம் போயும் இருக்கிறான்.

"கொழுப்பு குறையணும்னா வெறும் பட்டினி கெடந்தா போதாது அத்தான்... சாரி, சார்," என்று நிபுணன் ஆரம்பித்தான். "பளு தூக்கணும். அதுக்கேத்த சாப்பாடும் வேணும். ரெண்டும் பேலன்ஸ்ல இருக்கணும்."

வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் இந்தச் சொல் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போயிருக்கும். இங்கே அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. தலைமை எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேலன்ஸ்னா, ரெண்டு தட்டும் நேரா நிக்கணும்ங்கிறீங்க?"

"அதேதான் சார்!"

"ஒரு தட்டுல சாப்பாடு. இன்னொரு தட்டுல பளு."

"ஆகா, சரியா பிடிச்சிட்டீங்க!"

"வித்தியாசம் எத்தனை கிராம் வரைக்கும் போகலாம்?"

மச்சினன் நல்ல குடும்பத்துப் பையன். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "அஞ்சு கிராம்," என்றான்.

கல்லக்கா மட்டும் வாய் திறந்தாள். "சார், அவர் சொல்றது அது இல்லன்னு நெனைக்கிறேன். டாக்டர் எனக்கும் இதையேதான் சொன்னாரு. முட்டை, பருப்புன்னு உடம்புக்கு வலு குடுக்கிறதை வயிறார சாப்பிடு, சர்க்கரையையும் எண்ணெயையும் குறை, பளுவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துன்னு..."

"ஏம்மா, நிபுணர் உக்காந்திருக்கும்போது நீ பேசலாமா?" என்றார் அதிகாரி. மறுநாள் சுற்றறிக்கை எண் முப்பத்தொன்று பிறந்தது:

'ஒவ்வோர் ஊழியரும் தாம் உண்ணும் உணவின் எடைக்குச் சமமான எடையை, கூடாமலும் குறையாமலும், அன்றைய தினமே தூக்கிச் சமநிலை எய்த வேண்டும்.'

அன்றிலிருந்து வாசலில் சாப்பாட்டு டப்பாக்கள் எடை போடப்பட்டன. முந்நூறு கிராம் கொண்டு வந்தவர் முந்நூறு கிராம் பித்தளைக் கல்லைத் தலைக்குமேல் தூக்கி, மூச்சை இழுத்து விட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். குறைவாகத் தூக்க வேண்டுமென்றால் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்ற உண்மை மூன்றாம் நாளே அலுவலகத்துக்கு உறைத்துவிட்டது. இரண்டாம் வாரத்தில் தலைமை எழுத்தர் ஐம்பது கிராம் வெள்ளரிக்காய்க்கு இறங்கினார். ஐம்பது கிராம் கல்லை இரண்டு விரலால் தூக்கினார். நாலாம் வாரத்தில் அவரால் பேரேட்டைத் தூக்க முடியவில்லை. அதற்குள் இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தார். இரண்டு தடவையும் கல்லக்காதான் தூக்கி உட்கார வைத்தாள். அதிகாரியின் டப்பாவில் ஒரே ஒரு ஆப்பிள் துண்டு இருக்கும். வீட்டில் அவர் உண்பது அலுவலகத்தின் அதிகார வரம்புக்குள் வராது.

கல்லக்காவுக்குத்தான் சிக்கல். அவளுக்கு ஒரு விளக்கம் கேட்கும் குறிப்பு வந்தது. 'தாங்கள் நேற்று நாற்பது முறை இருபது கிலோ வீதம் எண்ணூறு கிலோ தூக்கியுள்ளீர்கள். உண்டதோ நானூற்றைம்பது கிராம். மீதமுள்ள எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது கிலோ ஐந்நூற்றைம்பது கிராம் உணவைத் தாங்கள் உண்ணாததற்குக் காரணம் என்ன?'

'பசி இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள். கோப்பு முடிக்கப்பட்டது.

சிரிப்பு அலுவலகத்தோடு சரி. அவள் வீட்டில் நிலைமை வேறு. அவள் புருஷன் பஸ் ஓட்டியவர். போன வருடம் ஒரு விபத்தில் இடுப்பு நொறுங்கி, கட்டிலோடு கிடந்தார். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, மதியம் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, சாயங்காலம் மறுபடி என்று மூன்று வேளையும் அவரைத் தூக்க அவள்தான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்பதால் மதிய இடைவேளையில் ஓடி வந்து போவாள். வாரத்துக்கு மூன்று நாள் பக்கத்து மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை. அவரால் பத்து மணி நேரம் பஸ்ஸில் வர முடியாது. இந்த ஊரில் இருந்தால்தான் அவர் ஒருநாள் நடப்பார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளிடமும், "உன் வயித்துக் கொழுப்பு குறையணும், முதுகு வலுவாகணும். நீயும் படுத்துட்டா உங்க ரெண்டு பேரையும் யாரு தூக்குறது?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி அவள் மனசில் தைத்துவிட்டது. அதனால்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள், ஒழுங்காகத் தூக்கினாள்.

ஒருநாள் மதியம் அவரை அவள் தூக்கும்போது, "ஏண்டி, இடுப்பு இளைச்சிருக்கு போல?" என்றார் புருஷன்.

"மூணு அங்குலம்."

"என்னைத் தூக்குறப்போ முன்னமாதிரி முனகலையும் காணோம்."

"நீங்க வாய மூடிக்கிட்டு வந்தா இன்னும் லேசா இருப்பீங்க."

அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அந்த நாள் முழுதும் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. தலைமையகத்துக்குக் கணக்கு அனுப்பும் நாளன்று, ஆரம்பத்தில் எடை பார்த்த அதே அசல் தராசில் எல்லோரும் ஏறினார்கள். அதிகாரி இரண்டு கிலோ கூடியிருந்தார். தலைமை எழுத்தர் ஒரு கிலோ குறைந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, தொப்பை அப்படியே இருந்தது. மற்றவர்கள் பட்டினி கிடந்த நாட்களுக்கும் சேர்த்து வீட்டில் சாப்பிட்டிருந்ததால் தொடங்கிய எடைக்கே திரும்பி வந்திருந்தார்கள். கல்லக்கா ஆரம்பத்தில் அறுபத்தெட்டு கிலோ எழுநூறு கிராம். இப்போதும் அறுபத்தெட்டு கிலோ எழுநூறு கிராம்.

"கொழுப்பு போன எடத்துல தசை வந்திருக்கு சார். அதான் முள்ளு நகரல. இடுப்பை அளந்து பாருங்க, மூணு அங்குலம் குறைஞ்சிருக்கு," என்றாள்.

"அங்குலம் நம்ம வேலை இல்லம்மா. நீளப் பிரிவு அடுத்த கட்டடம்," என்றார் தலைமை எழுத்தர், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு.

அதிகாரி பின்னறைச் சாவியை எடுத்து மேசையில் போட்டார். பிறகு, "நம்ம கிட்ட தராசுக்கா பஞ்சம்? வேற ஒண்ணு கொண்டாங்க," என்றார். பின்னறையிலிருந்து ஒரு தராசை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதிகாரி ஏறினார். முதல் எடையைவிட நாலு கிலோ குறைவு! கைதட்டல் எழுந்தது. மச்சினன் விசில் அடித்தான். எல்லோரும் ஏறினார்கள். எல்லோரும் மெலிந்திருந்தார்கள். கல்லக்காவும் ஏறினாள். அறுபத்திரண்டு கிலோ எழுநூறு.

தராசு அவளுக்குத் தெரிந்த தராசு. பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஒருவரிடமிருந்து அவளே பறிமுதல் செய்தது. எதை வைத்தாலும் ஆறு கிலோ குறைத்துக் காட்டும். ஊரில் பாதிப் பேரின் பழைய இரும்பு அதில் ஏறி இளைத்திருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"பிரமாதம்! கணக்கோட தராசுக்கு முத்திரைச் சான்றும் அனுப்பணும்," என்றார் அதிகாரி. "அது உன் கையெழுத்து. போட்டுரும்மா. ஆறு கிலோ குறைஞ்சிருக்க, இந்த ஊர்லயே இருக்கலாம்."

அவள் பேனாவைத் திறந்தாள். ஒரே ஒரு கையெழுத்து. போட்டால் மதியம் வீட்டுக்கு ஓடலாம், அவரைத் தூக்கலாம், அவர் ஒருநாள் நடப்பதைப் பார்க்கலாம். போட்டால்தான் என்ன, உலகம் முழுகிவிடுமா என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள். பதினெட்டு வருடத்தில் அவள் பொய்யாக ஒரு முத்திரை குத்தியதில்லை. அந்த இரும்பு வியாபாரியிடம் பழைய சைக்கிளை எடைக்குப் போட்டுவிட்டு வந்து, வாசலில் நின்று அழுத ஒரு கிழவி நினைவுக்கு வந்தாள்.

பேனாவை மூடினாள். இருபது கிலோ கல்லைத் தூக்கித் தராசில் வைத்தாள். முள் பதினாலில் நின்றது.

"இந்தக் கல்லும் மூணு மாசத்துல ஆறு கிலோ இளைச்சிருச்சு சார்," என்றாள். "அது என்ன டயட்ல இருந்துச்சுன்னு நிபுணரைக் கேட்டுச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அதிகாரியின் முகம் சிவந்தது. மேசையைக் குத்தி எழுந்தார்.

"உனக்கு எவ்வளவு கொழுப்பு!"

தலைமை எழுத்தர் கடமை தவறாதவர். கூட்டத்தில் அதிகாரி சொன்னதை அப்படியே பதிவேட்டில் எழுதினார். சோதனையாளர், கொழுப்பு: மிக அதிகம். அளந்தவர்: அதிகாரி. கருவி: நேரடிப் பார்வை.

மறுநாள் இடமாற்ற உத்தரவு வந்தது. சோதனையாளர் பொறுப்பு தலைமை எழுத்தருக்குப் போனது. அவர் இரண்டு கையாலும் முத்திரையைப் பிடித்து அந்தத் தராசில் குத்தினார். முத்திரை குத்திய தராசைத் திருட்டுத் தராசு என்று எப்படிச் சொல்வது? வழக்கு தள்ளுபடியானது. வியாபாரி வந்து, வாசலில் எல்லோருக்கும் கும்பிடு போட்டு, தராசை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

கல்லக்கா வீட்டில் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷம் நான் தூக்கினேங்க. இப்ப என்னையே தூக்கிட்டாங்க."

"உன்னைத் தூக்க எவனால முடியும்?" என்றார் புருஷன். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எழுதிக் குடுத்துப் பாரு, உத்தரவை மாத்துவாங்க."

"குடுத்தாச்சு. பரிசீலனையில இருக்காம். உங்க தங்கச்சி நாளைக்கு வந்துடுவா."

"அவளால என்னைத் தூக்க முடியுமாடி?"

அவள் துணியைக் கீழே வைத்தாள். அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

விருது விழா கோலாகலமாக நடந்தது. ஊழியர்கள் மாலையைத் தாங்க முடியாமல் உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டார்கள். அலுவலகம் எண்பத்துமூன்று கிலோ இளைத்ததாக மேடையில் படித்தார்கள். அதிகாரி, "இனி என் அலுவலகத்தில் யாருக்கும் கொழுப்பு கிடையாது," என்று முழங்கினார். அது சத்தியமான பேச்சு. எண்பத்துமூன்று என்ற கணக்கில்தான் சிறு பிழை. அந்த மூன்று மாதத்தில் அலுவலகம் உண்மையில் இழந்தது அறுபத்தெட்டு கிலோ எழுநூறு கிராம். அது மொத்தமும் ஒரே நாளில், காலை ஏழரை மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது.