வெண்டல் கொன்ற செடி

தான் விரித்த வலையில் தன் பெண்டாட்டியே வந்து விழுவாள் என்று எந்த வேடன் எதிர்பார்ப்பான்? விழுந்துவிட்டாள். எப்பாடுபட்டாவது அவளை மீட்டே தீருவது என்று, ஜனவரி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை, சூப்பு ஆறிக்கொண்டிருக்கையில் வெண்டல் சபதம் செய்தான். மனதுக்குள்தான் செய்தான். வாய்விட்டுச் செய்திருந்தாலும் கோராவின் காதில் விழுந்திருக்காது. அவள் போனில் இருந்தாள்.

சன்னிவேலில் வெண்டல் வேலை பார்க்கும் கம்பெனியின் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: துளிர் என்கிற ஆப். போனுக்குள் ஒரு செடி. தினமும் விரலால் தட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் இலை தொங்கும். இரண்டு நாள் மறந்தால் செத்துப்போகும். அதுவரை சேர்த்த நாள் கணக்கும் கூடவே போகும். அந்தக் கணக்கை இழக்க மனசில்லாமல் பிரசவ வார்டிலிருந்து தண்ணீர் ஊற்றியவர்கள் உண்டு. சாவு வீட்டிலிருந்து ஊற்றியவர்களும் உண்டு.

வெண்டலின் வேலை, செடியின் சார்பில் கடுதாசி எழுதுவது. 'இன்று உன்னைக் காணோமே, எங்கே போனாய்?' 'பூ விட்டிருக்கிறேன். உனக்குத்தான் முதலில் காட்டுவேன்.' இவை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் சூட்சுமம். வேளாவேளைக்குத் தீனி போட்டால் சோதனைக் கூண்டு எலி தின்றுவிட்டுத் தூங்கிவிடும். எப்போதாவது போட்டால், இப்போது விழுமா, இப்போது விழுமா என்று தீனிப் பலகையை மிதித்துக்கொண்டே இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு வெண்டல் இதைப் படம் போட்டு விளக்குவான். எல்லாரும் கை தட்டுவார்கள்.

நகர நூலகத்தில் வேலை பார்க்கும் கோரா சும்மா பார்ப்போம் என்றுதான் துளிரைப் போனில் ஏற்றினாள். அன்று அவள் செடிக்கு நானூற்றுப் பன்னிரண்டாம் நாள்.

"சூப்புல உப்பு எப்படி?" என்றான் வெண்டல்.

"ம்."

"கூடவா, குறைவா?"

"ஆமா."

"எது ஆமா?"

"நீ சொன்னதுதான்."

"நான் கேள்விதானே கேட்டேன்?"

"அதுக்குத்தான் ஆமான்னேன்."

பதினாலு வருஷத் தாம்பத்தியத்தில் இப்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் வெண்டலுக்குக் கிடைப்பது அவளுடைய உச்சி வகிட்டின் தரிசனம் மட்டும்தான். அவள் நிமிர்ந்து முகம் பார்த்துப் பேசி எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தான். பாதியில் பயமாக இருந்தது. நிறுத்திவிட்டான்.

முதல் வேலையாகப் போனின் சார்ஜரைக் கொண்டுபோய் கார் ஷெட்டில் மாட்டினான். ஒரு பழக்கம் ஒழிய வேண்டுமானால் அதற்குப் போகிற வழியைக் கரடுமுரடாக்க வேண்டும் என்பது பாடம். கோரா ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள். வெண்டல் தனியாகச் சாப்பிட்டான். அடுத்து, போன் திரையின் வண்ணத்தையெல்லாம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினான். நிறம் போனால் ருசி போகும் என்பது இரண்டாம் பாடம்.

"போன் ஒரு மாதிரி இருக்கே, கவனிச்சியா?" என்று தூண்டிவிட்டான்.

"இந்த மழைக்கு எடுப்பாத்தான் இருக்கு," என்றாள் கோரா, தலையைத் தூக்காமல்.

மறுவாரம் ஆபீசில் பக்கத்து நாற்காலி டெலனியிடம் போனான். ஆப்புக்கு யார் வந்தார்கள், யார் விட்டுப் போனார்கள் என்கிற கணக்கெல்லாம் அவள் கையில்.

"டெலனி, நானூறு நாளைக்கு மேல வளர்த்த செடி செத்துப்போனா ஜனங்க என்ன பண்றாங்க?"

"திரும்பி வர்றதே இல்ல. பத்துல ஒன்பது பேர் ஆப்பையே தூக்கிடுறாங்க. ஏன், போன மாசம் நீங்கதானே இதைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துனீங்க?"

"சும்மா கேட்டேன்."

"நீங்க சும்மா கேக்குற ஆளா?"

அவள் காபி எடுக்கப் போன நேரம் பார்த்து, ஊழியர்களுக்கு மட்டுமே திறக்கும் பக்கத்தை வெண்டல் திறந்தான். கோராவின் செடி நானூற்றுப் பத்தொன்பதாம் நாளில் தளதளவென்று நின்றது. ஒரே தட்டு. செடி செத்தது. தெரிந்தால் வேலை போய்விடும். போனால் போகட்டும், பெண்டாட்டி திரும்பி வருவாளே என்று துணிந்துவிட்டான்.

போகிற வழியில் வறுத்த கோழியும் ஒரு பாட்டில் ஒயினும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். போன் மேஜையில் குப்புறக் கிடந்தது. கோரா அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு."

"எது?"

"என் செடி."

"அப்பாடா... அட பாவமே!"

அன்றிலிருந்து அவள் போனைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மழையைத் தவிர ஒன்றும் கிடையாது. முதல் நாள் வெண்டல் டிஷ்யூ டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். மூன்றாம் நாள் ஒரு தொட்டியில் நிஜமான ரோஸ்மேரிச் செடி வாங்கி வந்தான்.

"இதுக்கும் தண்ணி ஊத்தலாம்," என்றான்.

"இது என்னை எங்கேன்னு கேக்காதுல்ல," என்றாள்.

ஆறாம் நாள், கடற்கரைப் பக்கம் போய் வருவோமா என்றான். மழையிலயா என்றாள். பேச்சு முடிந்தது. முன்பாவது போன் ஒளியில் அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து வந்து போகும். அதையும் தானே கொன்றுவிட்டோமே என்று வெண்டல் நொந்துகொண்டான்.

ஒன்பதாம் நாள் தாங்கவில்லை. ஆபீசில் அதே பக்கத்தைத் திறந்து செடிக்கு உயிர் கொடுத்தான். உயிர் வந்தால் போதுமா, அது ஒரு வார்த்தை பேச வேண்டாமா? வழக்கமாக அவன் இரண்டு கடுதாசி எழுதுவான். ஊரில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றொன்று. எது தைக்கிறதோ அதை வைத்துக்கொள்வான். ஆனால் கோரா ஒருத்திதானே? யாரிடம் சோதித்துப் பார்ப்பது? முதல் முறையாகச் சோதிக்காமல் எழுதினான்.

'நீ பக்கத்திலேயேதான் இருக்கிறாய், கோரா. ஆனாலும் வந்து உட்கார்ந்ததும் உன்னைத்தான் தேடுகிறேன். நீ பேசாத சாயங்காலங்கள் எனக்கு நீண்டுகொண்டே போகின்றன.'

அனுப்பிவிட்டு மூக்கைச் சிந்தினான்.

"அழுறீங்களா?" என்றாள் டெலனி.

"ஏசி ஒத்துக்கல."

அன்று சாயங்காலம் அவன் உள்ளே நுழைந்ததும் கோரா நிமிர்ந்து பார்த்தாள். வகிடு இல்லை, முழு முகம். வெண்டல் அசந்துபோனான்.

"கண்ணாடி புதுசா?"

"போன ஜூன்ல வாங்கினது."

அவன் உட்கார்ந்தான். கோரா தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"செடி பிழைச்சிடுச்சு, வெண்டல்."

"அப்படியா! அதிசயமால்ல இருக்கு!"

"நடிக்காதே. காலையில தண்ணி ஊத்தினேன், மத்தியானம் செத்துக் கிடந்துச்சு. எந்தச் செடி அப்படிச் சாகும்? நீதான்னு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒன்பது நாள் அழுதே?"

"முதல் நாள் அழுகை நிஜமாவே வந்துச்சு. அப்புறம் நீ என்னதான் பண்றேன்னு பாத்தேன். டப்பாவைத் தள்ளி வச்சே. தொட்டி வாங்கிட்டு வந்தே. ஒன்பதாம் நாள்தான் எழுதினே. அழுதா ஒன்பது நாள்ல எழுதுற. அழலேன்னா பதினாலு வருஷம் ஆகுது."

"அப்போ அந்த ஆப் உனக்கு..."

"செடி யாருக்கு வேணும்? 'எங்கே போனாய்'னு ஒரு ஆள் கேக்குறான். படிச்ச உடனே எழுத்து யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. கல்யாணத்துக்கு முன்னால எனக்கு இப்படித்தானே எழுதுவே? இப்ப இருபது லட்சம் பேரை எங்கே எங்கேன்னு கேக்குற. போன வாரம் பஸ்ஸை விட்டுட்டு நனைஞ்சுபோய் வந்தேனே, நீ கேட்டியா?"

கேட்கவில்லை. சூப்பில் உப்பு எப்படி என்றுதான் கேட்டிருப்பான். வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமும் இருந்தது. பெண்டாட்டி பறிபோனது வேறு யாரிடமும் இல்லையே!

"சரி கோரா, நான் இங்கேயே இருக்கேன்ல? இனிமே அந்தப் போன் எதுக்கு? எடுத்து வச்சிடேன்."

கோரா போனை அணைத்தாள். மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். கையைக் கட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"வச்சாச்சு. பேசு."

வெண்டல் வாயைத் திறந்தான். இருபது லட்சம் பேரை உருக வைத்தவனுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. மூடினான். மறுபடி திறந்தான்.

"இன்னிக்கும் மழை."

"ஆமா, மழை."

"கோழி நல்லா வந்திருக்கு."

"மீன் அது."

அவள் கோபப்படவில்லை. அவன் தட்டு ஆறும்வரை பொறுத்திருந்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள்.

"பரவாயில்ல, சிரமப்படாதே. நாளைக்கு ஆபீஸ் போயி எழுதி அனுப்பு," என்றாள். "நான் படிச்சுக்கிறேன்."