அத்தானின் தக்காளிக் கன்றுகளுக்கு விளக்கு வாங்கிய விவரம்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. இங்கு முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் சௌக்கியம். அங்கு சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் புற்றுநோய்ப் பிரிவில் ஏழு வாரமாக நாற்காலியிலேயே தூங்கி எழுகிறவளிடம் அப்படிக் கேட்டால் நீ மேற்கொண்டு படிக்காமல் கிழித்துப் போட்டுவிடுவாய் என்பதால் கேட்கவில்லை.

போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். நீயோ எந்த அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அத்தான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். ஆகவேதான் உன் மகள் கொண்டுவரும் துவைத்த துணிகளுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி. விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அத்தான் என்னிடம் ஒப்படைத்த பதினான்கு தக்காளிக் கன்றுகளில் பதினொன்று போய்விட்டன.

முதலிலிருந்து சொல்கிறேன். என் வீடுதான் உனக்குத் தெரியுமே, பாதி பூமிக்குள் இருக்கிறது. ஜன்னலில் தெரிவதெல்லாம் நடைபாதையில் போகிறவர்களின் செருப்பு. சூரியன் என்பது எனக்குச் செய்தியில் கேள்விப்படுகிற ஆள். அந்த ஜன்னலில்தான் பதினான்கு காகிதக் கோப்பைகளையும் வரிசையாக வைத்தேன். வாரம் திரும்புவதற்குள் கன்றுகள் வெளிச்சம் வரும் பக்கம் கழுத்தை நீட்டி நீட்டி நூல் மாதிரி மெலிந்து, இரண்டு அப்படியே மடிந்து விழுந்துவிட்டன. முப்பத்தோரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான், ஒரு பல்பு மாட்டத் தெரியாதா என்று பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடி எடுத்து, கன்றுகளின் தலைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் தொங்கவிட்டேன். மறுநாள் மூன்றின் இலைகள் அப்பளம் மாதிரி நொறுங்கின. பல்பு கொடுத்தது வெளிச்சம் அல்ல, சூடு.

அதற்குப் பிறகுதான் மின்சாமான் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, செடி இலை விடுகிற பருவமா பூக்கிற பருவமா என்று கேட்டாள். தக்காளி என்றேன். அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். இலையும் தண்டும் வளர்கிற காலத்தில் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் வேண்டுமாம், பெட்டியில் ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின் என்று போட்டிருக்குமாம், அது விலை அல்ல, வெளிச்சத்தின் நிறக் கணக்காம். சிவப்பு தூக்கலாக இருப்பது பூக்கிற காலத்துக்காம். எல்லாம் காதில் விழுந்தது, அக்கா. ஆனால் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? அத்தானுக்கு இருக்கிற அவகாசத்தில் இலையை வளர்த்துக்கொண்டிருந்தால் எப்படி, நேரே பூவுக்குப் போய்விடலாம் என்றது. சிவப்பை வாங்கி வந்தேன்.

ஒரு செடியும் பூக்கவில்லை, தெருதான் பூத்தது. மாலையானால் என் ஜன்னல் ரத்தச் சிவப்பாக எரிய, நடைபாதையில் செருப்புகள் நிதானமாகின. தலைக்குச் சாயம் பூசிய ஒரு பெரிய மனிதர் கதவைத் தட்டி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டவர், பனியனோடு நின்ற என்னைக் கண்டதும் மன்னிப்புக்கூடக் கேட்காமல் போய்விட்டார். மூன்றாம் நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, குடும்பங்கள் இருக்கிற கட்டடம் என்று கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார். ஐந்தாம் நாள் போலீஸ்காரர் வந்தார். நான் கஞ்சா வளர்ப்பதாகத் தகவலாம். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "தக்காளிங்க இது," என்று ஏதோ நான் அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி சொன்னார். மெலிந்து வெளுத்துக் கிடந்த கன்றுகளைப் பார்த்ததும் அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. யாருக்காக வளர்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விளக்கை மாற்றச் சொல்லிப் போனார். அதற்குள் நான்கு போயிருந்தன.

பிறகு அந்த வெள்ளை விளக்கையே வாங்கினேன். ஒரு முழ உயரத்தில் கட்டினேன், உள்ளங்கையை அடியில் நீட்டினால் சூடு தெரியக் கூடாது என்று கடைக்கார அம்மா சொன்னபடி பார்த்துக்கொண்டேன். பதினாறு மணி நேரம் எரியவிட்டு எட்டு மணி நேரம் அணைத்துவிடச் சொன்னாள். அங்கேதான் இடறினேன். அணைக்க எனக்கு மனசு வரவில்லை, அக்கா. அணைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு பயம். நாலு நாள் இரவும் பகலும் எரியவிட்டேன். இலைகள் உள்ளே சுருண்டு இன்னும் இரண்டு போயின. செடிக்கும் தூக்கம் வேண்டுமாம். உங்கள் வார்டில் விளக்கை அணைப்பதே இல்லை, அத்தானுக்கு அதனால்தான் தூக்கம் வருவதில்லை என்று நீ போனில் சொன்னாயே, அன்றைக்குத்தான் சுவிட்சை அணைத்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு நான் வராததற்குச் சளிதான் காரணம் என்று சொல்லிவந்தேன் அல்லவா, எனக்குச் சளியே இல்லை. மூன்றாவது வாரம் நான்காம் மாடி வரைக்கும் வந்தேன். லிப்ட் கதவு திறந்தது. எதிரே கண்ணாடிக்கு அப்பால் தலையில் முடியில்லாமல் ஒரு சின்னப் பையன் மாதிரி அத்தான் உட்கார்ந்திருந்தார். நீ கரண்டியால் ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாய். லிப்டில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரைக் கையைப் பிடித்து வெளியே இறக்கிவிட்டவன் நான். ஒரு எட்டு வெளியே வைக்க என்னால் முடியவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது. கீழே வந்துவிட்டேன்.

ஆகையால் நீ எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டும். பதினான்கும் நன்றாக இருக்கின்றன, மளமளவென்று உயர்ந்துவிட்டன என்று அத்தானிடம் சொல்லிவிடு. முகத்தைப் பார்த்துச் சொல்லாதே, தலையணை உறை மாற்றும்போது சொல். நீ பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

மருமகளுக்கு மாமாவின் ஆசிகள். நர்சுகளுக்கு என் நன்றி. ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற அந்த டாக்டருக்கு இரண்டாவது வார்த்தை ஒன்றை ஆண்டவன் அருளட்டும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாயாம், அத்தானே பேசினார். குரல் தேய்ந்திருந்தாலும் அதிகாரம் குறையவில்லை.

"மச்சான், செடியெல்லாம் எப்படி இருக்கு?"

"பிரமாதமா இருக்கு அத்தான். ரெண்டு முழம் வந்துருச்சு."

"ரெண்டு முழமா? அதுக்குள்ளயா? அப்ப வெளிச்சம் பத்தலடா, அதான் நீண்டுருச்சு. உண்மையச் சொல்லு, எத்தனை இருக்கு?"

மூன்று என்றேன். வேறு என்ன சொல்ல.

"பதினாலுக்கு மூணு. எனக்கு ஆரம்பத்துல டாக்டர் சொன்ன கணக்குக்கு இது தேவல," என்றார். அப்புறம் இலையின் நிறம், தண்டின் தடிமன், விளக்கின் உயரம், அதை விற்ற கடைக்கார அம்மா சொன்னது எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "இப்ப இருக்கிறதே சரி. அவசரப்படுத்தாதே. பூ மொட்டு வந்தா விளக்க மாத்தணும், அத நான் வந்து சொல்றேன். வரலேன்னா அந்தக் கடைக்கார அம்மாகிட்ட கேட்டுக்கோ," என்றார்.

ஆகவே நீ எந்தப் பொய்யும் சொல்ல வேண்டாம். நாளை நாலு மணிக்கு நானே வருகிறேன்.