சனிக்கிழமையும் ஓர் எள் காபியும்

நடந்தது இவ்வளவுதான்:

1. சென்னையிலிருந்து வந்த என் மேலதிகாரியையும் அவர் கணவரையும் காரைக்காலில் ஒரு ஜப்பானியப் பாணி கஃபேவுக்கு அழைத்தேன்.
2. கணவருக்கு நானே தேர்ந்தெடுத்து ஒரு காபி வரவழைத்தேன்.
3. அவர் அதைக் குடிக்கவில்லை.
4. அவர் வேட்டி குடித்தது.
5. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு காகம் வந்தது. அதைக் கூப்பிட்டதும் நான்தான்.

நான் மென்பொருள் சோதனைப் பொறியாளர். ஒரு காரியம் எங்கெங்கே கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதுதான் என் வேலை. (இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

காரைக்காலை அடுத்த நெடுங்காட்டில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்தே இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தேன். திடீரென்று, எல்லோரும் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. வேலையில் சேர்ந்த புதிதில் எட்டு மாதம் அங்கே ஒரு விடுதி அறையில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர் மூக்கில் இடிக்க, இருந்து பார்த்தவள் நான். விலக்குத் தரும் அதிகாரம் என் மேலதிகாரி சுமதி மேடத்துக்கு மட்டும் இருந்தது. போனில் கெஞ்சினேன்.

"அங்க நெட்டு ஒழுங்கா வருமா? ஆள் வந்தா உக்காந்து பேச ஒரு நல்ல காபிக்கடையாவது இருக்கா?"

"எல்லாம் இருக்கு மேடம். நீங்களே வந்து பாருங்க."

கணவருக்கு ஏழரைச் சனி முடிகிறதாம். சனிக்கிழமை திருநள்ளாறு வருகிறார்களாம். கோயிலை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

பட்டியல் போட்டேன். பதினான்கு வரிகள். நிழலான மேசை, கார் நிறுத்த இடம், வைஃபை வேகம் (இரண்டு முறை அளந்தேன்), ஆடாத நாற்காலி. முந்தின நாளே போய் ஒத்திகையும் பார்த்தேன். ஒரு குவளையில் ஆரஞ்சுச் சாற்றின் மேல் காபி மிதந்தது. இன்னொன்றில் பச்சைத் தேயிலையும் காபியும் இரண்டு அடுக்காக நின்றன. மூன்றாவது, அந்தக் கடையின் பெருமை: கறுப்பு எள்ளை வறுத்து அரைத்துப் பாலில் கலந்து, மேலே காபி ஊற்றியது. சாம்பல் நிறம். பிரமாதமான ருசி. டிக் போட்டேன்.

திருநள்ளாற்றுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். எள் யாருக்கு உரியது, சனிக்கிழமை காகத்துக்கு ஏன் சோறு வைக்கிறோம் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். எள் விளக்கு வாசனையைத் தாண்டித்தான் கல்லூரிப் பேருந்தே பிடித்தேன். ஆனால் கண்ணாடிக் குவளைக்குள் போனதும் அது வேறு எள் ஆகிவிடும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

சனிக்கிழமை மேடத்தின் கணவர், அதாவது சார், ஈரத் தலையோடு, மடிப்புக் கலையாத புது வேட்டியில் கஃபே முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். "குளத்துல முங்கி, பழசையெல்லாம் விட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம வந்துட்டேம்மா. ஏழரை வருஷம்! இன்னைக்குத்தான் மனசு லேசா இருக்கு."

"இதக் குடிங்க சார், இன்னும் லேசாயிடும்."

குவளையை வாய் வரை கொண்டுபோனவர் முகர்ந்தார். "வாசனை எங்கயோ பழகின மாதிரி இருக்கே. என்னது?"

"கறுப்பு எள்ளு சார். உங்களுக்குன்னே சொல்லி வச்சிருந்தேன்."

குவளை காற்றிலேயே நின்றது.

"எள்ளா?"

"ஆமா சார்."

"கறுப்பா?"

"...ஆமா சார்."

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "சுமதி, நான் அங்க விட்டுட்டு வந்தத இந்தப் பொண்ணு கிளாஸ்ல ஊத்திக் குடுக்குது."

"ஏங்க, அது காபிங்க. பேசாம குடிங்க."

"அப்ப நீ குடி."

மேடம் குடிக்கவில்லை.

பிழை வந்தால் பதறக் கூடாது, தீர்வு காண வேண்டும் என்பது தொழிலில் கற்ற பாடம். தீர்வும் கைவசம் இருந்தது. "சார், காக்காவுக்கு மொதல்ல வச்சுட்டா அப்புறம் நாம சாப்புடலாங்க. எங்கம்மா வாராவாரம் அப்படித்தான் செய்றாங்க." மேசையில் இருந்த பஞ்சு போன்ற ஜப்பானியப் பான்கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து, எள் காபியில் நனைத்து, முற்றத்துச் சுவரில் வைத்தேன். எல்லோரும் கிசுகிசுவென்று பேசும் அந்த இடத்தில் முழுத் தொண்டையில் கூப்பிட்டேன்: "கா... கா..."

பரிமாறும் பெண் ஓடி வந்தாள். "அக்கா, கூப்புடாதீங்கக்கா! ரெண்டு வாரமா கஷ்டப்பட்டு இப்பத்தான் வெரட்டி வச்சிருக்கோம்."

காகம் வந்தது. சுவரில் இருந்த துண்டை மதிக்கவே இல்லை. நேராக மேசையில், பான்கேக் அடுக்கின் மேல் இறங்கியது. சார் துள்ளி எழுந்தார். குவளை கவிழ்ந்தது. முழங்காலிலிருந்து கரை வரை புது வேட்டி சாம்பல் நிறமானது. காகம் ஒரு நிமிடம் சாரின் நாற்காலி முதுகில் உட்கார்ந்து, அவரை நன்றாகப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"வந்துட்டாரு" என்றார் சார், மெதுவாக. யார் என்று நான் கேட்கவில்லை.

கார் மறுபடியும் திருநள்ளாற்றுக்கே திரும்பியது. இன்னொரு முழுக்கு, இன்னொரு வேட்டி. "திங்கக்கிழமை பேசறேன்" என்று மட்டும் மேடம் சொன்னார்.

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மா சிரிக்கவில்லை. "கோயிலுக்குப் போய்ட்டு வந்த மனுஷனுக்கா எள்ளக் குடுத்த? இந்த ஊர்ல பொறந்த பொண்ணாடி நீ?" ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, சென்னைக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். முப்பத்தொரு வரிகள்.

திங்கள் காலை மேடம் அழைத்தார். "நீ அங்கேருந்தே வேல பாரும்மா. மெயில் அனுப்பிட்டேன்."

"மேடம்! ரொம்ப நன்றி மேடம். நெட் வேகம் பாத்தீங்களா?"

"அதெல்லாம் எங்க பாத்தேன்? எங்க வீட்டுக்காரர்தான். அந்தப் பொண்ண எக்காரணங்கொண்டும் சென்னைக்கு வரவழைக்காத, அங்கேயே இருக்கட்டும்னு ரெண்டு நாளா சாப்பிடாம சொல்றாரு."

அப்பா இப்போதும் என்னிடம் காபி கேட்கும்போது, "எள்ளு வேணாம்மா" என்று சேர்த்தே சொல்கிறார். விருந்தாளிகள் இருந்தால் சத்தமாகச் சொல்கிறார்.

இன்றைய நிலவரம்: நான் நெடுங்காட்டில்தான் இருக்கிறேன். வேலையும் இருக்கிறது. அந்தக் கஃபேவில் எள் காபி சனிக்கிழமை தவிர மற்ற நாள்களில் கிடைக்கும்.