ஏத்தங்காய் ஒட்டாத கத்தி

ஆரியங்கோடு,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஜெயதாசுக்கு சத்தியபாய் அக்கா எழுதுவது. நானும் உன் அத்தான் ரெத்தினதாசும் சுகம். சார்ஜாவில் நீயும் அப்படியே இருக்க தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன்.

முதலில் சாட்சிகளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ இல்லையென்று சாதிக்கக் கூடாது. நேற்று எங்கள் கத்திப் பட்டறையில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், செங்கலில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் பொன்னப்பன், அவர் மனைவி சரசம்மா. ஐந்தாவது கர்த்தர், அவரைச் சேர்க்காமல் நான் எந்தக் கணக்கும் எழுதுவதில்லை. போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

கத்தி தேய்க்கும் மெஷினில் மாட்டுகிற உப்புத்தாள் பெல்ட்டை நீ பெட்டி நிறைய அனுப்பி, கூடவே "அத்தான், நம்பரக் கூட்டிக்கிட்டே போங்கோ, கத்தியில முகம் தெரியணும், அக்காவ மெஷின் பக்கம் விடாதீங்கோ" என்று வாய்ஸ் மெசேஜும் அனுப்பினாயே, அதை உன் அத்தான் சங்கீதம் போலக் காலையும் மாலையும் போட்டுக் கேட்டார். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெல்ட் நம்பரை நான் புரிந்துகொண்டது மாவு சலிக்கும் அரிப்பை வைத்து. அரிப்பில் கண் கூடக்கூட மாவு நைசாகும், அதுபோல நம்பர் கூடக்கூட பெல்ட்டும் நைசு. அறுபது, நூற்றிருபது, இருநூற்று நாற்பது, நானூறு என்று போக வேண்டும். பாவமன்னிப்பு மாதிரிதான், முந்தின கோடு முழுவதும் அழியாமல் அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. ஆனால் நானூறில் நிறுத்திவிட வேண்டும் என்பது என் கட்சி. கண்ணாடி மாதிரிப் பளபளத்த கத்தியில் சிப்ஸ் போடும் ஏத்தவாழைக்காயை நறுக்கிப் பார்த்தவள் நான், கறையோடு வில்லை ஒவ்வொன்றும் அட்டைபோலப் பிடித்துக்கொள்ளும். சொன்னால் உன் அத்தான், "எடீ, மினுங்கினாத்தான் ஆளு வாங்குவான், நீ போய் சோற்றப் பாரு" என்கிறார்.

அப்போதுதான் பொன்னப்பன், ஓணத்துக்கு வெல்லப்பாகில் புரட்டும் சர்க்கரை வரட்டிக்குக் காய் நறுக்கும் பெண்களுக்கெல்லாம் புதுக் கத்தி வேண்டும் என்று வந்தார். நானும் உன் அத்தானும் ஆளுக்கொரு கத்தி முடித்து வைப்போம், அவர் எடுக்காத கத்தி என்னுடையதானால் இனி மெஷினைத் தொடமாட்டேன் என்றேன். சத்தியம் பண்ணக் கூடாது என்று வேதத்தில் இருப்பதால் பாட்டுப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னேன். கடைசி முடிப்புக்கு நெய்யாற்றங்கரை கடையில் நானூறு நம்பர் பெல்ட் ஒன்று நானே வாங்கி வந்தேன்.

நேற்று பொன்னப்பன் முதலில் எடுத்தது உன் அத்தானின் கத்தியை. "அம்மோ! மீச முழுசும் தெரியுதே!" என்று அதில் பார்த்து மீசையை ஒதுக்கினார். மெஷின் போச்சு என்றே நினைத்தேன். சரசம்மாதான், "மீச சீவவா வந்தீரு? காய இஞ்ச தாரும்" என்று பலகையை இழுத்துப் போட்டு நறுக்கத் தொடங்கினாள். முதல் வில்லை ஒட்டியது. இரண்டாவது அதைத் தள்ளி மேலே ஏறி ஒட்டியது. அவள் கையை உதற, ஒன்று பறந்துபோய் உன் அத்தான் சட்டையில் உட்கார்ந்தது. "இது கத்தியா, பசைக் குச்சியா?" என்றாள். பிறகு என் கத்தியை எடுத்தாள். வில்லைகள் அதுபாட்டுக்கு விழுந்து குவிந்தன.

"இதாக்கும் கத்தி! ஒண்ணாவது ஒட்டுதா, பாரும்!"

"அதில முகம் தெரியல்லியே, சரசம்மா."

"ஒம்ம முகத்த நான் தெனமும் பாக்கியேன், அது போதும்."

எல்லாக் கத்தியும் என் முடிப்பிலேயே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஸ்தோத்திரம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. உன் அத்தான் சட்டையிலிருந்த வில்லையைப் பிய்த்துப் பச்சையாகத் தின்றார். ஆகவே தம்பி, நெய்யாற்றங்கரையில் நானே தடவிப் பார்த்து வாங்கிய அந்த நானூறு நம்பர் பெல்ட்டின் முன் உன் சார்ஜா பெட்டி நிற்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகவும் இருக்கிறது.

உன் கையின் வேலையையும், கொஞ்சம் உன் வாயையும் கர்த்தர் காக்கட்டும்.

அன்புள்ள அக்கா,
சத்தியபாய்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு இப்போது சொல்கிறார்: "ஒனக்க பெல்ட்டு தேய்க்கதுக்கு முந்தியே ஒட்டின இடம் விட்டு அறுந்து போச்சு. நீ ஜெபத்துக்குப் போயிருந்த. நான் ஜெயதாசுக்க பெட்டியில உள்ள நானூற மாட்டினேன், அதிலயாக்கும் நீ தேய்ச்சது." மெஷினிலிருந்து கழற்றிப் பார்த்தேன், உள்பக்கம் முழுக்க அரபி எழுத்து. கடிதத்தை மாற்றி எழுதலாம், ஆனால் தாள் வீணாகும். நானூறில் நிறுத்தச் சொன்னது நான்தான், அது மாறாது. உன் பெட்டியில் இனி அந்த நம்பரில் ஒன்றுகூட இல்லை, மற்றதெல்லாம் முகம் பார்க்கிற நம்பர். அதே நானூறில் இன்னும் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று சீக்கிரம் பதில் எழுது.