உப்பு ஏரி ஆரத்தி

எனக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் என்னிடம் உள்ள ஒரே குறை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் என்ன விசேஷம் நடந்தாலும் ஆரத்தி கலக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் அந்தச் சிவப்பு வேறு யாருக்கும் சரியாக வராது. (இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்வதில்லையே.)

என் மகனுக்குக் கோயிலில் தாலிகட்டு முடிந்ததும், ஜோடியை வரவேற்க முன்னதாகவே வீட்டுக்கு ஓடிவந்தேன். வந்து பார்த்தால் சுண்ணாம்பு இல்லை. தேக்கா சந்தையில் வெற்றிலை, பூ, வாழைப்பழம் என்று இரண்டு பை நிறைய வாங்கியவள் அதை மட்டும் மறந்திருக்கிறேன். கீழேயிருந்து மகன் போன் செய்தான்.

"அம்மா, லிப்ட்ல ஏறப்போறோம். ரெடியா?"

"அதெல்லாம் எப்பவோ ரெடி."

அப்போதுதான் அடுக்களைச் சன்னலோரம் ஒரு கண்ணாடித் தட்டு கண்ணில் பட்டது. நிறையச் சிவந்த நீர். ஒட்டியிருந்த காகிதத்தில் ஏதோ தமிழில். எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘தொடக்கூடாது.’ பூரித்துப்போனேன். ஆரத்தியில் முன்கூட்டி யாரும் கைவைக்கக்கூடாது என்பது என் மகள் மங்கைக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே. பல்கலைக்கழகத்தில் கிருமி வளர்ப்பவள், வீட்டில் வெந்நீர்கூட வைக்கமாட்டாள். அண்ணன் கல்யாணத்துக்காவது பொறுப்பு வந்ததே என்று கண் கலங்கியது.

நீரைப் பித்தளைத் தாம்பாளத்தில் ஊற்றினேன். கண்ணாடித் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியும் வைத்தேன். (சுத்தத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.) வாசலில் மூன்று சுற்று சுற்றி, அந்த நீரைத் தொட்டு இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்தேன். "சாயங்காலம் வரைக்கும் அழிக்கக்கூடாது" என்று மருமகள் தேவகிக்கு முதல் உத்தரவும் போட்டேன். மிச்சத்தைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினேன்.

சாமான்களோடு பின்னால் வந்த மங்கை அடுக்களைக்குள் போனாள்.

"அம்மா, சன்னல்ல இருந்த தட்டு எங்க?"

"கழுவி வச்சிட்டேன். நல்ல கலருடி."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது உப்பு ஏரியில் வாழும் கிருமியாம். வேறு எதுவும் பிழைக்காத உப்பில் பிழைக்குமாம். வெயிலில் கருகாமலிருக்கத் தானே சிவப்புச் சாயம் செய்துகொள்ளுமாம். சன்னல் வெயிலில் இந்தச் சிவப்பு வராது என்றாராம் அவள் மேலதிகாரி. வரவழைத்துக் காட்டினால்தான் அடுத்த மாதம் வேலை நீட்டிப்பு. மூன்று மாதம் தன் அறைச் சன்னலில் வளர்த்தவள், விருந்தாளிகள் கைவைப்பார்கள் என்று அன்று காலைதான் அடுக்களைக்கு மாற்றினாளாம். பத்திரமான இடம் என்று.

"கிருமியையா மருமக நெத்தியில வச்சேன்?"

"அது யாரையும் ஒண்ணும் செய்யாது லா. நீங்கதான் அதை ஒண்ணுமில்லாம செஞ்சிட்டீங்க. ஒரு சொட்டுகூட மிச்சமில்லையா?"

தொட்டி மண்ணில் வேறு ஆயிரம் கிருமி இருக்குமாம், உதவாதாம். நான் மெல்ல வாயைத் திறந்தேன். "நெத்தியில இருக்கே."

என் மகன் தன் பொட்டை உள்ளே வந்ததுமே டிஷ்யூவால் துடைத்தெறிந்திருந்தான். (நான் பெற்றது.) தேவகி மட்டும் பாலும் பழமும் கையில் வைத்துக்கொண்டு பொட்டோடு உட்கார்ந்திருந்தாள். மங்கை பஞ்சுக் குச்சியோடு போய் நின்றாள்.

"அண்ணி, கொஞ்சம் அசையாம இருங்க."

"அத்தை அழிக்கக்கூடாதுன்னாங்களே."

"அத்தையே பெர்மிஷன் குடுத்துட்டாங்க."

அந்தக் குச்சி நுனியிலிருந்து உப்புத் தண்ணீரில் மறுபடி வளர்த்தாள். மூன்று வாரம் நான் சன்னல் பக்கமே போகவில்லை. நான்காம் வாரம் சிவந்தது. வேலையும் நீடித்தது. உப்பு தாங்காமல் செத்தது என் கறிவேப்பிலைதான்.

மங்கையின் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமி வளரும் புட்டிக்கு ‘தேவகி’ என்றுதான் இன்றும் பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் கதை ஆரம்பத்திலிருந்து நடக்கும். முடிவை மட்டும் மருமகள் சொல்வாள்:

"உப்பு, வெயில், அத்தை, மூணையும் தாங்கினது அதுவும் நானும்தான்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஆரத்தி எடுத்த கை ராசியான கை என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே.