என் பக்கத்து பிரேக்

அன்பிற்கும் பயத்திற்கும் உரிய அக்காவுக்கு,

தங்கை வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான், வீட்டுக்காரர், குட்டி மூவரும் நலம். இப்படி எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது முறை, அதனால் எழுதிவிட்டேன். அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தானின் முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் கேட்டதாகச் சொல்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கி, ஒரு மாதம் தங்கி, சமையலையும் குட்டியையும் என்னையும் பார்த்துக்கொண்டு, எனக்குக் கொஞ்சம் பொறுமையும் சொல்லித்தரப் போவதாக வீட்டுக்காரரிடம் போனில் சொன்னாயாம். வர வேண்டாம். இதை நானும் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ ஒரு பிரசங்கத்தை முடித்துவிடுவாய், எனக்கு அழுகை வந்துவிடும், "பாத்தியா, அழறே பாரு"ன்னு அதையே பிடித்துக்கொள்வாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படி.

வீட்டுக்காரர் உன்னிடம் என்னென்ன ஒப்பித்தார் என்று எனக்குத் தெரியாது. குட்டியின் செருப்பு வார் அறுந்ததற்கு நான் தேம்பித் தேம்பி அழுதது உண்மை. அப்போது அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும்போது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டுக் கேட்பாரே, அதே குரலில், "முன்னாடி நல்லா இருந்துச்சா, இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்டதும் உண்மை. அந்தச் செருப்பை நான் அவர் மேல் எறிந்தேன் என்று சொல்லியிருந்தால் மட்டும் அது பொய். சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். சுவருக்குப் பக்கத்தில் அவர் இருந்தார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே புரியவில்லை அக்கா. நாற்பதைத் தாண்டிப் பிள்ளை பெற்றவள் நான். அதுகூடப் பெரிய விஷயமில்லை. மழலையர் பள்ளி வாசலில் புது டீச்சர், "குட்டிம்மா, பாட்டி வந்துட்டாங்க" என்று கூவியபோது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டுத்தான் வந்தேன். மாதவிடாய் தள்ளிப்போனதும் மறுபடியும் கர்ப்பமோ என்று வீட்டுக்காரர் முகம் வெளுத்து, பரிசோதனைப் பட்டையை வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாரே, அதற்கும் சிரித்தேன். ஆனால் தூக்கம் போயிற்று. திடீரென்று கழுத்திலிருந்து உச்சிவரை அடுப்பு மூட்டினாற்போல் எரிந்து, பிறகு வேர்த்துக் கொட்டுகிறது. காலையில் கண் விழிக்கும்போதே எதுவோ கெட்டது நடக்கப்போகிறது என்று நெஞ்சு படபடக்கிறது. யாரிடமாவது சொன்னால், "வயசாகுதுல்ல" என்று ஒரே வார்த்தையில் வழியனுப்பி வைக்கிறார்கள்.

இதோடுதான் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, எங்கள் பயிற்சிக் காரில் ஓட்டப் பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற எனக்கு ஒரு பிரேக். போன மாதம் காப்பீட்டு ஆபீஸ் மேனேஜரம்மாவுக்குப் பாடம். என் வயதுதான், கறார் பேர்வழி, கியரைக்கூட அதட்டித்தான் போடுவார். பெரிய சிக்னலில் சிவப்புக்கு நின்றோம். எனக்கு அந்த எரிச்சல் குபுகுபுவென்று ஏறியது. ஏசியைக் கூட்டக் கை நீட்டினேன். அதே குமிழில் இன்னொரு கை. மேனேஜரம்மாவுடையது. நெற்றியெல்லாம் வேர்வை.

"உங்களுக்குமா?" என்றார்.

"எனக்கும்தான். உங்களுக்கு எப்போலேருந்து?" என்றேன்.

அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் மடை திறந்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங் நடுவில் 'நாற்காலி' என்ற வார்த்தை மறந்துபோய், "அந்த உக்கார்றத இங்க இழுத்துப் போடுங்க" என்று சொன்னதை அவர் சொன்னார். நான், இத்தனை வருஷம் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள், இடது என்ற சொல் வராமல், "அந்தப் பக்கம் இல்ல சார், இன்னொரு அந்தப் பக்கம்" என்று ஒருவரைச் சுற்றவிட்டதைச் சொன்னேன். சிரித்தோம். சிரித்ததும் அழுகை வந்தது, அழுததைப் பார்த்து மறுபடி சிரிப்பு வந்தது. இதற்குள் சிக்னல் பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையாகியிருக்கிறது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு பஸ் டிரைவர் இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டி, எல் போர்டையும் எங்கள் கண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல கத்துக்கறவங்க யாரு, கத்துக்குடுக்கறவங்க யாரு?"

"ரெண்டு பேரும் இப்பத்தான் கத்துக்கறோம், போய் வண்டிய எடுங்க" என்றார் மேனேஜரம்மா.

காரின் முதுகில் எங்கள் பயிற்சிப் பள்ளியின் போன் நம்பர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் திரும்பிப் போவதற்குள் முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. "ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க மேடம். சாவியக் குடுத்துட்டு, கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். நாலு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் ரெஸ்ட்! இந்த மனிதர் எந்த உலகத்தில் இருக்கிறார்? அந்தக் கார்தான் அக்கா எனக்கு மிச்சமிருக்கிற இடம். அங்கே நான் சொன்னால் வண்டி நிற்கும், நான் சொன்னால் நகரும். இதையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நான் மறுபடி எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "டாக்டரப் பாத்துட்டு வந்து சொல்றேன் சார். சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். டாக்டர் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் குட்டி தண்ணீரைக் கொட்டிவிட்டாள். கால் டம்ளர் தண்ணீர். அதற்கு நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். குட்டி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், வலது காலைத் தரையில் ஓங்கி ஊன்றி, "அம்மா, பிரேக்!" என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபக்காரி என்ற பட்டம் எனக்குப் புதிதல்ல, சின்ன வயதிலேயே நீ கொடுத்ததுதான். ஆனால் இந்தக் கோபம் எனக்கு அறிமுகமே இல்லாதது. நான் இல்லாமல் இருந்தால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்களோ என்று சில காலைகளில் தோன்றியதும் உண்டு. உன்னிடம் அதை மறைக்கப் போவதில்லை. பயந்துவிட்டேன் அக்கா. பயத்தோடேயே மறுநாள் மேனேஜரம்மா சொன்ன டாக்டரிடம் போய் நின்றேன்.

அந்த அம்மாள் "வயசாகுதுல்ல" என்று சொல்லவில்லை. நான் சொன்ன எல்லாவற்றையும், அந்தக் கடைசி விஷயத்தையும், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், தைராய்டையும் பார்த்தார்கள். "உங்க குணம் கெட்டுப்போகல. மாதவிடாய் நிக்கறதுக்கு முந்தின வருஷங்கள்ல ஹார்மோன் கன்னாபின்னான்னு ஏறி இறங்கும். அது மனசையும் ஆட்டும். அதுமேல சின்னக் குழந்தை, வேலை, தூக்கமில்ல. இதுக்கு வைத்தியம் இருக்கு. மனசுவிட்டுப் பேச ஒரு ஆலோசகரையும் பாருங்க. அந்தக் கெட்ட நினைப்பு திரும்ப வந்தா யோசிக்காம உடனே எனக்குப் போன் பண்ணுங்க" என்றார். கூட வந்திருந்த வீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து, "டாக்டர், இவ கோபப்பட்டா அந்த நேரத்துல நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். "பாத்திரம் கழுவுங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து மனிதர் ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பவர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்துத்தான் அடுக்குகிறார்.

மருந்து ஆரம்பித்தாயிற்று. ஆலோசகரிடமும் போகிறேன். குட்டியைக் காலையில் கிளப்புவது இனி அவர் பொறுப்பு, தலைப்பின்னல் உட்பட. டாக்டர் சீட்டை முதலாளி மேஜையில் வைத்து, "காலை வகுப்பு மட்டும், ஆனா கார் என்னுது" என்று சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்தார், ஒத்துக்கொண்டார். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் விடுவதாக இல்லை.

"எல்லாருக்கும் வர்றதுதான், நான் தாங்கலையா?" என்று கேட்டாயாம். தாங்கினாய். நான் வேலை மாறி உன் வீட்டில் தங்கியிருந்தேனே, அந்த வருஷம் பார்த்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாய். வாளி நிரம்பி வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்கும். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். "சோப்புப் பட்டுடுச்சு" என்பாய். அந்தப் பொறுமைதான் எனக்குச் சொல்லித்தரப் போகிற பொறுமை என்றால், எனக்கு வேண்டவே வேண்டாம். நான் சத்தமாகவே அழுதுகொள்கிறேன். ஆகையால் நீ வர வேண்டாம், வர வேண்டாம், வரவே வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கட்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இப்படிக்கு,
உன் சொல்பேச்சுக் கேளாத தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது இதைச் சேர்க்கிறேன். இன்றைக்கு மறுபடி டாக்டரிடம் போனேன். "உங்க அம்மாவுக்கு, அக்காவுக்கு இந்த வயசுல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். "ஒண்ணும் இல்லையா, ஒண்ணும் சொல்லலையா?" என்றார். அம்மாவைக் கேட்க முடியாது. நீதான் இருக்கிறாய். அதனால் வா அக்கா. சமைக்க வேண்டாம், குட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், ஒரு புத்திமதியும் வேண்டாம். குழாயைத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு அப்போது என்னவெல்லாம் ஆயிற்று என்று சொல்லு, போதும். ஸ்டேஷனுக்குக் காரோடு வருகிறேன். மேனேஜரம்மாதான் ஓட்டுவார். பயப்படாதே, பிரேக் என் பக்கத்திலும் இருக்கிறது.